மறுகூட்டல் கேட்ட ஆட்டக்காரர்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியானபின் மாணவர்களுக்கு இருவகை விண்ணப்பங்கள் உண்டு. ஒன்று மறுகூட்டல், மற்றொன்று மறுமதிப்பீடு. மறுகூட்டலில் எவரும் விடையைத் திரும்பப் படிப்பதில்லை. உள்ளே பக்கம் பக்கமாக இட்ட மதிப்பெண்கள் முகப்புத் தாளில் ஒழுங்காக ஏறியிருக்கின்றனவா, கூட்டல் சரிதானா, ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பர். மறுமதிப்பீட்டிலோ வேறொருவர் விடையை முதலிலிருந்து படித்துத் தம் தீர்ப்பைச் சொல்வார். இருபது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். மறுமதிப்பீடு கேட்பவனுக்கு ஒருவித மரியாதை கிடைக்கிறது. தன் விடையில் நம்பிக்கை உள்ளவன் என்று கொள்கிறோம். மறுகூட்டல் கேட்பவனையோ, "இரண்டு மதிப்பெண்ணுக்கா இத்தனை அலைச்சல்?" என்ற பார்வையோடுதான் எதிர்கொள்கிறோம்.

ஆஸ்திரிய நாட்டின் முன்னாள் கால்பந்து வீரர் டோனி போல்ஸ்டர் பற்றிய செய்தியைப் படித்தபோது நமக்கும் முதலில் எழுந்தது அந்தப் பார்வைதான். தேசிய அணிக்காக 95 ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தவர்; அந்நாட்டின் அதிகபட்ச கோல் கணக்குக்குப் பல்லாண்டுக் காலம் சொந்தக்காரர். அறுபது வயதைக் கடந்த நிலையில், 1980களில் ஆடிய சில ஆட்டங்களில் தாம் அடித்த மூன்று கோல்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும், தம் கணக்கு 47 என்று இருக்கவேண்டும் எனக் கோரி, 2024-25 காலத்தில் தம் நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்கு எதிராகவே நீதிமன்றத்தை நாடினார். அந்த ஆட்டங்கள் சங்கத்தின் பதிவேட்டில் அதிகாரபூர்வமான பன்னாட்டு ஆட்டங்களாக இடம்பெறவில்லை என்பதே சிக்கல். ஊரெல்லாம் போற்றும் ஒரு மனிதருக்கு மூன்று கோல்களில் என்ன வந்துவிடப் போகிறது? நாமும் அப்படித்தான் கேட்டோம். அவருடைய ஆட்ட வாழ்க்கையை வரிசையாகப் படித்துப் பார்த்தபின் அக்கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஏன் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போல்ஸ்டர் 1964ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியா வியன்னா அணியில் சேர்ந்து, 1984, 1985, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளில் தொடர்ச்சியாக நாட்டின் சாம்பியன் பட்டம் வென்ற குழுவில் இடம்பெற்றார். 1985 முதல் 1987 வரை மூன்று பருவங்களிலும் உள்நாட்டு லீகில் அதிக கோல் அடித்தவர் அவரே. 1982 நவம்பரில் துருக்கிக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமானபோது பதினெட்டே வயது. அந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார்.

அவர் ஆடிய முறையைப் பற்றி ஒரு சொல். இடதுகால் ஆட்டக்காரர்; எதிரணியின் கோல்முகத்துக்கு அருகே நின்று காத்திருப்பவர். மைதானமெங்கும் ஓடித் திரிந்து பந்தைப் பறிப்பது, பின்வாங்கித் தற்காப்புக்கு உதவுவது முதலியவை அவருடைய இயல்பில் இல்லை. தொண்ணூறு நிமிடங்களில் எண்பத்தைந்து நிமிடங்கள் நிற்பதுபோலவே தோன்றும். மீதி ஐந்து நிமிடங்களில் பந்து எங்கே வந்து விழப்போகிறதோ அங்கே அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். ஆற்றங்கரைக் கொக்கின் இயல்பு அது. உறுமீன் வரும்வரை அது வாடி நிற்பதாகவே பார்ப்பவனுக்குத் தோன்றும். இன்றைய கால்பந்தில் முன்வரிசை வீரனே முதல் தற்காப்பாளனாக ஓடவேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துகின்றனர். இவ்வகை ஆட்டக்காரருக்கு இப்போது இடம் குறைவு. அக்காலத்திலும் ரசிகர்கள் இதை எளிதில் மன்னித்தாரில்லை. கோல் விழுந்தால் மேதை, விழாவிட்டால் சோம்பேறி. இரண்டுக்கும் நடுவே அவருக்குப் பெயரே இல்லை.

முதல் அநீதி 1987இல் நேர்ந்தது. ஐரோப்பாவின் எல்லா லீகுகளையும் சேர்த்துப் பார்த்து, ஒரு பருவத்தில் அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி என்னும் பரிசை வழங்குவது அக்கால மரபு. 1986-87 பருவத்தில் போல்ஸ்டர் 39 கோல்கள் அடித்திருந்தார். பரிசு அவருக்கே என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், ருமேனியாவிலிருந்து ஒரு கணக்கு வந்தது. டினாமோ புக்கரெஸ்ட் அணியின் ரோடியான் கமாத்தாரு 44 கோல்கள் அடித்துவிட்டார் என்று. அவற்றுள் சுமார் 20 கோல்கள் பருவத்தின் கடைசிச் சில ஆட்டங்களில் மட்டும் விழுந்தவை. டினாமோ, ருமேனிய உள்துறை அமைச்சகத்தின் அணி. சௌசெஸ்குவின் ஆட்சிக் காலம். எதிரணிக் காவலர்கள் ஒதுங்கி வழிவிட்டனர் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. ஆனாலும் எழுதப்பட்ட எண் எழுதப்பட்ட எண்தான். காலணி கமாத்தாருவுக்குப் போயிற்று.

1989 டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் அந்த ஐயங்கள் வலுப்பெற்றன. 1990இல் போல்ஸ்டருக்கும் ஒரு தங்கக் காலணி வழங்கப்பட்டது. கமாத்தாருவிடமிருந்து முதற்பரிசு பறிக்கப்படவில்லை. ஒரே பருவத்துக்கு இரு காலணிகள் என்று ஆயிற்று. ஒரு பேரரசின் நிழல் சாய்ந்தபின்னரே ஓர் ஆட்டக்காரரின் கணக்கு நேரானது என்பதைச் சற்று நின்று நினைத்துப் பார்க்கவேண்டும். இருபத்து மூன்று வயதில், தாம் அடித்த ஒவ்வொரு கோலையும் நேர்மையாக அடித்துவிட்டு, வேறெங்கோ யாரோ எழுதிய எண்ணால் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்ட ஒருவர், பதிவேடுகளைக் குறித்து என்ன பாடம் கற்றிருப்பார்? எண் என்பது தானே வந்து உட்காரும் உண்மை அன்று. அதை யாரோ ஒருவர் எழுதுகிறார் என்னும் பாடத்தையே கற்றிருப்பார்.

இனி, அவருடைய புகழின் ஊற்றுக்கண்ணுக்கு வருவோம். 1989 நவம்பர் 15. வியன்னாவின் பிராட்டர் அரங்கம். 1990 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். எதிரே கிழக்கு ஜெர்மனி. சோவியத் ஒன்றியம் பிரிவின் முதலிடத்தில் இருக்க, ஆஸ்திரியா, கிழக்கு ஜெர்மனி, துருக்கி மூன்றும் தலா 7 புள்ளிகளுடன் இரண்டாமிடத்துக்காகக் காத்திருந்தன. ஆறே நாள்களுக்கு முன், நவம்பர் 9ஆம் நாள், பெர்லின் சுவர் திறந்துவிடப்பட்டிருந்தது. கிழக்கு ஜெர்மானிய வீரர்களின் மனம் ஆட்டத்திலா இருந்திருக்கும்? சுவர் இல்லாத நாட்டில் தங்கள் எதிர்காலம் என்னவாகும் என்பதில் இருந்திருக்கும். மேற்கு ஜெர்மானிய லீக் அணிகளின் ஆட்கள் அவர்களை வளைத்துப்போட வியன்னாவுக்கே வந்திருந்தனர். அவர்களுள் ஒருவரான ஆண்ட்ரியாஸ் தோம், அடுத்த சில வாரங்களிலேயே லெவர்குசன் அணிக்கு மாறினார் என்பது வரலாறு.

ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஆஸ்திரிய அணியின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. போல்ஸ்டரின் பெயர் வந்ததும் அரங்கம் சீழ்க்கையடித்தது. ஐரோப்பிய மைதானங்களில் சீழ்க்கை பாராட்டு அன்று, இகழ்ச்சியின் உச்சம். எதிரணி வீரருக்கு அன்று அந்த வரவேற்பு. சொந்த ஊரில், சொந்த நாட்டுச் சட்டையில், சொந்த மக்கள் தம் முன்வரிசை வீரருக்கே அதை வழங்கினர். ஸ்பெயினின் செவில்லா அணிக்கு அவர் கோல்களாகக் குவித்துக்கொண்டிருந்த பருவம் அது. அந்த லீகில் மட்டும் அப்பருவத்தில் 33 கோல்கள் அடித்து, ரியல் மாட்ரிட்டின் ஹ்யூகோ சாஞ்சஸுக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். அயலூரில் அடிப்பவர் நமக்காக அடிப்பதில்லை என்பதே வியன்னா ரசிகர்களின் மனக்குறை. பயிற்சியாளர் யோசெஃப் ஹிக்கர்ஸ்பெர்கர் அவரை விட்டுக்கொடுக்காமல் களத்தில் இறக்கினார்.

இரண்டாம் நிமிடத்தில் முதல் கோல். இருபத்து மூன்றாம் நிமிடத்தில் பெனால்டி வழியாக இரண்டாவது. அறுபத்தோராம் நிமிடத்தில் மூன்றாவது. மூன்றும் போல்ஸ்டர். ஆட்டம் 3-0. ஆஸ்திரியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அதன்பின் ஒருபோதும் ஓர் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ஆடவில்லை. ஓராண்டு முடிவதற்குள் அந்த நாடே இல்லாமற் போயிற்று. சீழ்க்கையடித்த அதே வாய்கள் அன்றிரவு போல்ஸ்டரின் பெயரைப் பாடின.

ஆஸ்திரியக் கால்பந்தில் மக்கள் அன்புக்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி உண்டு. 1978 உலகக் கோப்பையில், அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில், அப்போதைய உலக சாம்பியனான மேற்கு ஜெர்மனியை ஆஸ்திரியா 3-2 என்று வென்றது. இரு கோல்கள் அடித்தவர் ஹான்ஸ் கிராங்கிள். வானொலி வருணனையாளர் எடி ஃபிங்கர், தமக்குப் பித்துப் பிடித்துவிடும் என்று வியன்னாப் பேச்சுமொழியில் கத்தியது இன்றளவும் அந்நாட்டில் ஒரு பழமொழிபோல் வழங்குகிறது. ஆஸ்திரியா அந்தத் தொடரில் மேலே முன்னேறவில்லை என்பதும், அந்த வெற்றியால் ஏதும் கைகூடவில்லை என்பதும் எவருக்கும் பொருட்டாக இல்லை. கிராங்கிள்மீது மக்கள் கொண்டது வெற்றிப் பெருமிதத்தில் பிறந்த அன்பு. அதில் உறுத்தல் எதுவும் இல்லை.

போல்ஸ்டர்மீது கொண்ட அன்பு வேறு வகை. அது பாதி பெருமிதத்திலும் பாதி நாணத்திலும் பிறந்தது என்பது நம் கருத்து. தாங்கள் இகழ்ந்த ஒருவர் தங்களையே தூக்கிச் சுமந்து கரைசேர்த்தார் என்பதை அந்தக் கூட்டம் அறியும். அந்த நாணத்தை மறைக்கவும், ஆற்றிக்கொள்ளவும், அடுத்த பல ஆண்டுகள் அவரைக் கொண்டாடிற்று. வெற்றியில் மட்டும் பிறந்த அன்பு அடுத்த தோல்வியில் தேய்ந்துவிடும். தன் பிழையை உணர்ந்ததில் பிறந்த அன்பு அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. அதற்குக் கடன் தீர்க்கும் கடமையுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

தேயாததற்குச் சான்று அடுத்த ஆண்டே கிடைத்தது. 1990 உலகக் கோப்பையில் ஆஸ்திரியா இத்தாலியிடமும் செக்கோஸ்லோவாக்கியாவிடமும் 0-1 என்று தோற்று, அமெரிக்காவை 2-1 என்று வென்று, முதற்சுற்றோடு திரும்பியது. போல்ஸ்டர் ஒரு கோலும் அடிக்கவில்லை. செப்டம்பர் 12ஆம் நாள் அதைவிடப் பெரிய இழிவு. முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் நுழைந்த ஃபரோ தீவுகளுக்கு எதிரான ஆட்டம். அத்தீவுகளில் அப்போது புல்தரை மைதானம் இல்லாமையால் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனா நகரில் நடந்தது. பத்து கோல் அடிப்போம் என்று போல்ஸ்டர் முன்கூட்டியே சொன்னதாக நாளேடுகள் எழுதின. மரவியாபாரம் சார்ந்த வேலையில் இருந்த டோர்கில் நீல்சன் என்பவர் அடித்த ஒரே கோலால் ஃபரோ தீவுகள் 1-0 என வென்றது. ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார். போல்ஸ்டரின் பத்துக் கோல் வாக்கு ஆண்டுக்கணக்கில் எள்ளலுக்கு உள்ளாயிற்று. ஆயினும் அவர் வெறுக்கப்படவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் அசட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிப்பதுபோலவே அதைச் சொல்லிச் சிரித்தனர்.

அவர் அயலகத்தில் ஆடிய ஊர்களையும் பார்க்கவேண்டும். இத்தாலியில் டொரினோ; ஸ்பெயினில் செவில்லா, லோக்ரோன்யெஸ், ராயோ வல்லெகானோ; பிறகு 1993 முதல் ஐந்தாண்டுகள் ஜெர்மனியின் கொலோன். இவற்றுள் எதுவும் அக்காலத்தில் பட்டங்களை அள்ளிய அணி அன்று. கொலோனில் அவர் லீக் ஆட்டங்களில் 79 கோல்கள் அடித்தார். ஒரே ஆட்டத்தில் இரட்டைக் கோல்கள் அடிக்கும் வழக்கத்தால் 'இரட்டை டோனி' என்ற பொருளில் செல்லப்பெயர் வைத்தனர். ஆயினும் கோல்களுக்காக மட்டும் அவரைக் கொண்டாடினர் என்று சொல்லமுடியாது. அவருடைய நாக்கும் ஒரு காரணம். ஜெர்மானியர் இன்றும் மேற்கோள் காட்டும் பல வேடிக்கை வாசகங்கள் அவர் பேரில் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று: "உண்மைக்கு மாறான உண்மைகளைச் சொல்லி மக்களைத் தூண்டிவிடுகிறார்கள்." கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. தங்கக் காலணியின் கதையைத் தெரிந்துகொண்டபின் கேட்டால் சிரிப்போடு வேறொன்றும் வருகிறது. 44 என்ற எண் ஏட்டளவில் உண்மைதான். ஆனால் அது உண்மைக்கு மாறான உண்மை என்று தோன்றுகிறது அல்லவா? இசைக்குழுவோடு சேர்ந்து பாடலும் பாடி வெளியிட்டார். குரல்வளம் பற்றி எவரும் அலட்டிக்கொள்ளவில்லை.

1998இல் கொலோன் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக ஜெர்மானிய லீகின் முதல் பிரிவிலிருந்து கீழிறங்கியது. 1963இல் அந்த லீக் தொடங்கியபோதே இடம்பெற்று, முதல் பட்டத்தையும் வென்ற அணி அது. போல்ஸ்டர் அண்டை ஊர்ப் போட்டி அணியான மொன்சென்கிளாட்பாக்குக்குச் சென்றார். அடுத்த ஆண்டே, 1999இல், அந்த அணியும் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கீழிறங்கியது. இரண்டு பெரிய அணிகளின் முதல் வீழ்ச்சியிலும் ஒருவர் உடனிருந்தார் என்பதும், பரம்பரைப் போட்டியாளரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதும் வேறொருவரின் பெயரைக் கெடுத்திருக்கும். கொலோன் ரசிகர்களோ அவரைத் தம்மவராகவே வைத்துக்கொண்டனர்.

அதே 1998இல் அவர் முப்பத்து நான்கு வயதில், தலைவராக, ஆஸ்திரியாவை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். டுலூஸ் நகரில் கேமரூனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆஸ்திரியா 0-1 எனப் பின்தங்கியிருந்தது. தொண்ணூறு நிமிடங்கள் கடந்தபின் போல்ஸ்டரின் கோலால் ஆட்டம் சமன் ஆயிற்று. அத்தொடரில் ஆஸ்திரியா அடித்த மூன்று கோல்களும், மூன்று ஆட்டங்களில், கூடுதல் நேரக் கணக்கில் விழுந்தவை என்பது ஒரு விந்தை. முன்பு கிராங்கிள் விட்டுச்சென்ற 34 கோல்கள் என்ற சாதனையைக் கடந்து போல்ஸ்டர் 44இல் நின்றார். 2000ஆம் ஆண்டு ஈரானுக்கு எதிரான ஆட்டத்தோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். பயிற்சியாளராக உயரம் தொடவில்லை. 2013இல் அட்மிரா அணியின் பொறுப்பேற்று, சில ஆட்டங்களிலேயே நீக்கப்பட்டார். வியன்னாவின் கீழ்நிலை லீகில் ஆடும் வீனர் விக்டோரியா என்ற சிறிய அணியைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தார்.

இருபத்தைந்து ஆண்டுகள் அந்த 44 அசையாது நின்றது. 2025 அக்டோபர் 9ஆம் நாள், முன்பு பிராட்டர் அரங்கம் என்று வழங்கி இப்போது ஏர்ன்ஸ்ட் ஹாப்பலின் பெயரைத் தாங்கும் அதே அரங்கில், சான் மரினோவை ஆஸ்திரியா 10-0 என்று வென்றது. மார்கோ அர்னாடோவிச் நான்கு கோல்கள் அடித்து 45ஐ எட்டினார். போல்ஸ்டர் மூன்று கோல் அடித்து அரங்கை வாயடைக்கச் செய்த 1989இல்தான் அர்னாடோவிச் பிறந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் போல்ஸ்டர் வாக்களித்த அந்தப் பத்துக் கோல், கடைசியில் அவருடைய சாதனையை முறியடிப்பதற்காகவே வந்து சேர்ந்தது. விதிக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

இப்போது அந்த மூன்று கோல்களுக்கு வருவோம். அவற்றைச் சேர்க்கவேண்டுமா? இதில் நம் நிலை இரண்டு பகுதிகள் கொண்டது.

முதலாவது, விதி ஒன்றாக இருக்கவேண்டும். ஓர் ஆட்டம் அதிகாரபூர்வமானதா என்பதை அதில் கோல் அடித்தவர் யார் என்று பார்த்து முடிவுசெய்தல் ஆகாது. போல்ஸ்டருக்காக அந்த ஆட்டங்களைச் சேர்த்தால், அவ்வகைப்பட்ட ஆட்டங்கள் அனைத்தையும், 1930களின் புகழ்பெற்ற மத்தியாஸ் சிண்டெலார் காலத்திலிருந்து அர்னாடோவிச் காலம் வரை, தேடியெடுத்துச் சேர்க்கவேண்டும். பழஞ்சுவடி பதிப்பிப்பவர் தமக்குப் பிடித்த பாட்டை மட்டும் மூலத்தில் ஏற்றி, பிடிக்காததை இடைச்செருகல் என்று தள்ளினால், அதைப் பதிப்பு என்று ஒப்புவோமா? ஆகவே சங்கம் தன் விதியைக் காட்டி, "சேர்க்க இயலாது" என்று கூறுமானால், அவ்விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை, அதைக் குறைகூற நமக்கு இடமில்லை.

இரண்டாவது, கேட்கும் உரிமை வேறு. கேட்டது கிடைப்பது வேறு. போல்ஸ்டர் கேட்டதையே சிறுமை என்று எள்ளியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. "இத்தனை புகழ் இருக்க இந்த மூன்று எதற்கு?" என்று கேட்பவர், புகழையும் கணக்கையும் ஒரே நாணயத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று கருதுகிறார். அவ்வாறு மாற்ற முடியாது. புகழ் மக்கள் விரும்பித் தருவது. அதைக் கேட்டுப் பெற இயலாது. கணக்கு உழைத்தவனின் உரிமை. அதை விரும்பித் தரவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. சரியாக எழுதினால் போதும். ஒருவரை மிகவும் நேசிக்கிறோம் என்பதற்காக அவருடைய கணக்கில் கை வைக்கலாமா? "உங்களுக்குத்தான் எங்கள் அன்பு இருக்கிறதே" என்று சொல்லிக் கூலியில் குறைக்கும் முதலாளியின் பேச்சு அது.

இன்னொன்றையும் எண்ணவேண்டும். தம் வாழ்வில் ஒருமுறை போல்ஸ்டர் எண்ணால் வஞ்சிக்கப்பட்டு, மூன்றாண்டு காத்திருந்து நீதி பெற்றவர். முறையிடப்பட்ட கணக்கு திருத்தப்படக்கூடும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. கையில் வாங்கிய காலணியால் அறிந்தார். அத்தகையவர் மறுகூட்டல் கேட்பது இயல்பே. கேட்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

எனினும் அன்போடு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 44 ஆயினும் 47 ஆயினும், அவருடைய பெயரை வியன்னாவில் காப்பது அந்த எண் அன்று. 1989 நவம்பர் 15ஆம் நாளின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கோல் அடித்த நிமிடங்கள் இருக்கின்றன: 2, 23, 61. சீழ்க்கைக்கு அங்கே ஒரு கட்டமும் இல்லை. அந்த இகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே ஒருவர் நடுக்கோட்டுக்கு நடந்துபோன அந்தச் சில நிமிடங்கள் எந்த நிரலிலும் ஏறவில்லை. அவருடைய ஆட்ட வாழ்வின் மிகக் கடினமான செயல் அதுவாகத்தான் இருந்திருக்கும். அன்று நடந்தது மறுகூட்டல் அன்று, மறுமதிப்பீடு. திருத்தியவர்கள் தாங்களே தங்கள் விடைத்தாளைத் திரும்ப வாங்கிப் படித்து, தாங்களே தங்கள் மதிப்பெண்ணை அடித்துத் திருத்தினர். ஒரு கூட்டம் அப்படிச் செய்வது அரிது. சாதனைகளை அடுத்து வருபவர் முறியடிப்பர். அதற்காகவே அவை ஏற்படுகின்றன. அந்த இரவை முறியடிக்க எவராலும் இயலாது.

முடிக்குமுன் நம்மைப் பற்றியும் ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். குறிப்பெடுக்க மாட்டான், வினாக் கேட்டால் எழுந்து நின்று புன்னகை செய்வான். சோம்பேறி என்று முதல் வாரத்திலேயே நாம் முடிவுகட்டிவிட்டோம். உள்தேர்வு விடைத்தாளைக் கொடுத்தபோது அவன் மேசையருகே வந்து, "ஐயா, கடைசிப் பக்கத்து மதிப்பெண் முன்பக்கத்தில் ஏறவில்லை" என்றான். இரண்டு மதிப்பெண்தானே என்று நாம் சலித்துக்கொண்டோம். தாளைப் புரட்டிப் பார்த்தபோது விடுபட்டிருந்தவை எட்டு. நம் கையெழுத்தில்தான் இருந்தன. அந்தக் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்த விடை, வகுப்பிலேயே சிறந்த விடை என்று நாமே அடியில் கோடிட்டிருந்தோம்.

திருத்திக் கொடுத்தோம். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனான். முதல் வாரத்தில் நாம் மனத்துக்குள் அடித்த சீழ்க்கையைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அதற்கு எந்தப் படிவமும் இல்லை.